அரக்கு வைத்த திருகுகள்

நல்லி எலும்பு என் தட்டைத் தாண்டிப் போன வெள்ளிக்கிழமையை நான் இன்னும் மறக்கவில்லை.

செங்கல்பட்டில் மாமனார் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்த காலம். ஜும்மா தொழுதுவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தால், கறிச்சட்டியில் இருக்கிற நல்லி எலும்பு நேராக என் தட்டுக்குத்தான் வரும். மாமியார் அதைக் கரண்டியால் தேடி எடுத்து வைப்பார். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் வழக்கம். அன்றைக்குக் கரண்டி என் தட்டுக்கு மேலே வந்தது, ஒரு கணம் நின்றது, பிறகு எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த சகலையின் தட்டில் போய்க் கவிழ்ந்தது.

"சின்ன மாப்புள நிமுத்தின கம்பியப் பாத்தீங்களா? கண்ணுல ஒத்திக்கலாம் போல கீது" என்றார் மாமியார், யாரிடமோ சொல்வதுபோல.

சகலை என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். கேளம்பாக்கத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பம். கல்யாணமாகி வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மாமனாருக்கு ஆண் பிள்ளை கிடையாது, இரண்டும் பெண். அதனால் இரண்டு மாப்பிள்ளைகளையும் வீட்டோடு வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த பட்டறையை எங்களை நம்பி நடத்திக்கொண்டிருந்தார். பட்டறையில் செய்தது எலிக்கூண்டு. செங்கல்பட்டைச் சுற்றி நெல் மண்டிகளும் அரிசி மில்களும் இருக்கும்வரை எலிக்கூண்டுக்குக் கிராக்கி குறையாது.

எலிக்கூண்டுக்கு உயிர் அதன் கம்பிதான். கம்பி கோணலாக இருந்தால் கதவு பாதியில் சிக்கி நிற்கும், எலி தேங்காய்த் துண்டைத் தின்றுவிட்டு வந்த வழியே போய்விடும். ஆனால் கம்பி எங்களுக்குச் சுருளாகத்தான் வரும். அதை நிமிர்த்துவதற்கு ஒரு மெஷின் இருந்தது. யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது மெட்ராஸில் எடுத்து, மாமா கரி ரயிலில் கொண்டுவந்து இறக்கியது. ஒரு பெரிய சக்கரத்தை ஒரு ஆள் சுற்றுவார். கம்பி மேலும் கீழுமாக இருக்கிற உருளைகளுக்கு நடுவே நெளிந்து நெளிந்து போய், மறுபுறம் நிமிர்ந்து வெளியே வரவேண்டும். மேல் உருளை ஒவ்வொன்றுக்கும் தலையில் ஒரு திருகு. முதல் உருளையை நன்றாக அழுத்தி, போகப் போக இளக்கி, கடைசி உருளை கம்பியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைக்கவேண்டும். சொல்லும்போது சுலபமாக இருக்கிறது, இல்லையா? அந்தத் திருகுகளோடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முதல் வருஷம் எனக்கு ஒரு பாடும் இல்லை. அதைச் சொல்லியாகவேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில் நான் உட்கார்ந்தால் போதும், கம்பி தானாக நேராக வரும். வெட்டிய கம்பியைக் கடப்பைக் கல்லின் மேல் உருட்டிப் பார்ப்போம். கோணல் கம்பி தடக் தடக் என்று தட்டிக்கொண்டு ஓடும். நேர்க்கம்பி சத்தமில்லாமல் போகும். என் கம்பி சத்தமில்லாமல் போயிற்று. எனக்குக் கைராசி என்று வீட்டில் பேச்சு. மாமியார் நல்லி எலும்பைத் தேட ஆரம்பித்ததே அப்போதுதான்.

இரண்டாவது வருஷத்திலிருந்து மெஷினுக்கு என் மேல் என்ன கோபமோ தெரியவில்லை. ஒரு நாள் கம்பி ஒரு பக்கமாக வில்போல வளைந்து வரும். மறுநாள் முறுக்குப் பிழிந்த மாதிரி சுற்றிக்கொண்டு வரும். இன்னொரு நாள் நேராக வரும், ஆனால் உடம்பெல்லாம் கீறல். வளைந்தால் கடைசி உருளை அதிகமாக அழுத்துகிறது, முறுக்கினால் படுக்கை உருளைகளும் பக்கவாட்டில் நிற்கிற உருளைகளும் ஒரே கோட்டில் இல்லை, கீறினால் உருளையின் பள்ளத்தில் இரும்புத் தூள் அடைந்திருக்கிறது, சக்கரம் சுற்றியும் கம்பி நகராவிட்டால் எவனோ எண்ணெய்க் கையால் தொட்டிருக்கிறான் என்றெல்லாம் நானாகவே கண்டுபிடித்தேன். எல்லாம் திட்டித் திட்டிக் கற்றுக்கொண்டது. புதுச் சுருள் மாட்டினால் கால் சுருள் கோணலாகப் போய்க் குப்பையில் விழுந்த பிறகுதான் எனக்கு நேர்க்கம்பி கிடைக்கும்.

சகலை வந்ததும் மாமா வேலையைப் பங்கிட்டார். காலையில் சின்னவர், மத்தியானத்துக்கு மேல் நான்.

முதல் நாள் வேடிக்கை பார்க்கத்தான் போய் நின்றேன். துணி கிழித்து அளந்து கொடுத்த கை, கம்பியில் திணறுவதைப் பார்க்கலாம் என்று ஆசை. அவர் வெள்ளைச் சட்டையோடு வந்தார். கையை மடக்கிவிட்டுக்கொண்டார். பிஸ்மில்லா சொல்லிக் கம்பியை நுழைத்தார். சக்கரம் சுற்றியது. முதல் கம்பியே நேர்க்கம்பி. கல்லில் உருட்டினார், சத்தமே இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவர் முகத்திலிருந்து உருவி எடுத்துக் கடப்பைக் கல்லில் தட்டவேண்டும்போல இருந்தது எனக்கு.

காலையெல்லாம் அவருக்கு நேராக வரும். மத்தியானம் சுருள் தீர்ந்து, நான் புதுச் சுருள் மாட்டினால் கோணல். ஒரே மெஷின், ஒரே கம்பி, சக்கரம் சுற்றுகிறவரும் அதே ஆள். சாயங்காலம் மாமியார் வந்து அவருடைய கம்பிக் கட்டையும் என்னுடையதையும் பார்ப்பார். மாப்பிள்ளையைக் குறை சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. "மிஷினு பழசாயிட்ச்சி" என்பார். காலையில் மட்டும் அது எப்படிப் புதுசாக இருக்கிறது என்று கேட்க எனக்கு நாக்கு துடிக்கும். என் மனைவிகூட ஒரு ராத்திரி, "தங்கச்சி வூட்டுக்காரு கிட்ட ஒரு தபா கேட்டுத்தான் பாருங்களேன்" என்றாள். அன்றைக்கு நான் அவளோடு பேசவில்லை.

இந்த நேரத்தில்தான் மாமா கடற்கரைப் பட்டறை விஷயத்தை எடுத்தார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரமாகக் கருவாட்டுக் கிடங்குகள் இருக்கின்றன. கருவாடு இருக்கிற இடத்தில் எலி படை படையாக இருக்கும். அங்கே ஒரு கொட்டகையும் பக்கத்திலேயே சின்ன வீடும் பார்த்திருந்தார். செங்கல்பட்டுக்குப் புது மெஷின் வாங்கிவிட்டுப் பழையதை அங்கே அனுப்புவது, இரண்டு மாப்பிள்ளைகளில் ஒருவர் குடும்பத்தோடு போய் அதைத் தன் சொந்தப் பட்டறையாக நடத்துவது என்று திட்டம். எனக்கு அது வேண்டும். வேறொன்றும் அந்த நாளில் எனக்கு வேண்டியிருக்கவில்லை. என் மனைவிக்குத் தனி அடுப்பு, எனக்கு என் பெயர் சொல்லி ஒரு பட்டறை, பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கச் சகலை இல்லாத ஒரு சாப்பாட்டுப் பாய். மூத்தவன் நான். மெஷினோடு மாரடித்தவன் நான். ஆனால் நல்லி எலும்பு போகிற திசையைப் பார்த்தால் பட்டறையும் அங்கேதான் போகும் என்று தோன்றியது.

அவர் ஏதோ செய்கிறார் என்று எனக்குச் சந்தேகம். ஓதி ஊதிய தண்ணீரை உருளைகளில் தெளிக்கிறாரா, மெஷினுக்கு அடியில் தாயத்து ஏதாவது கட்டி வைத்திருக்கிறாரா என்றுகூட ஒரு மத்தியானம் குனிந்து துழாவினேன். கையில் கிரீஸ்தான் ஒட்டியது.

அப்புறம் ஒன்று கவனித்தேன். விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் மாமா பள்ளிவாசலில் உட்காருவதில்லை. சலாம் கொடுத்த கையோடு எழுந்து போய்விடுவார். டீக்கடைக்குப் போகிறார் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் நானும் எழுந்து பின்னாலேயே போனேன். அவர் டீக்கடையைத் தாண்டினார், வீட்டு வாசலைத் தாண்டினார், பக்கத்துச் சந்து வழியாகப் பட்டறைக்குள் நுழைந்தார்.

கதவிடுக்கில் பார்த்தேன். மாமா புதுச் சுருளை மாட்டினார். திருகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி, மறு கையால் கம்பியை வாங்கி, வெட்டி, கல்லில் உருட்டினார். தடக் தடக். கடைசித் திருகைக் கொஞ்சம் இளக்கினார். மறுபடி உருட்டினார். சத்தம் குறைந்தது. இன்னொரு தரம். சத்தம் நின்றது. கோணல் கம்பிகளைப் பொறுக்கிச் சாக்குக்கு அடியில் மறைத்தார்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளேயே போய்விட்டேன்.

மாமா பதறவில்லை. "இன்னா மாப்புள, அதுக்குள்ள வந்துட்டீங்க? நாஸ்தா ஆச்சா?"

"சின்னவருக்கு நீங்கதான் வெச்சிக் குடுக்குறீங்களா?"

"புது மாப்புள. மொத வருசம் மொகம் சுருங்கக்கூடாது" என்றார், கையைத் துடைத்துக்கொண்டே. நான் வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "உங்களுக்கும் ஒரு வருசம் இப்டித்தான வெச்சிக் குடுத்துகினு இருந்தேன். தெர்யாதா?"

தெரியாது. எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு நடந்த அந்தப் பத்தடி தூரத்தில் என் கைராசி, முதல் வருஷத்து நேர்க்கம்பிகள், நான் தின்று தீர்த்த நல்லி எலும்புகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. சகலையின் குட்டு உடைந்தது என்று கொண்டாடப் போனவனுக்குத் தன் மூக்கே உடைந்துபோயிற்று. யாரிடமும் மூச்சு விடவில்லை. அவர் குட்டு என்று எதைச் சொன்னாலும் அது என் குட்டும் அல்லவா?

கடற்கரைப் பட்டறை சகலைக்குத்தான் போயிற்று.

"நீங்க போய்ட்டா இங்க யாரு கீறாங்க எனக்கு?" என்றார் மாமா. அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. குழந்தையிடம் பொம்மையைப் பிடுங்கிக்கொண்டு முறுக்கைக் கொடுப்பதுபோலத்தான் இருந்தது. என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

மெஷினை மாட்டு வண்டியில் ஏற்றுகிற நாளில் சகலை ஒரு காரியம் செய்தார். அனுப்புமுன் ஒரு தரம் ஓட்டிப் பார்க்கலாம் என்று முந்தின நாள் மாமா எல்லார் எதிரிலும் வைத்துக் கொடுத்தபடி திருகுகள் இருந்தன. வழியில் வண்டி ஆடி அது கலைந்துவிடக்கூடாது என்று, தபால் பார்சலுக்கு வைப்பார்களே, அந்தச் சிவப்பு அரக்கை உருக்கி ஒவ்வொரு திருகின் கழுத்திலும் ஊற்றினார். "மாமா கையால வெச்சது. அப்டியே இர்க்கட்டும்" என்றார். மாமா வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். ஒரு மாப்பிள்ளை மரியாதையாகச் செய்கிற காரியத்தைத் தவறு என்று எப்படிச் சொல்வது?

நான் சொன்னேன். "ஒவ்வொரு சுருளுக்கும் வேற மாரி வெக்கணும். அரக்கு வெச்சா அவ்ளோதான், ஒண்ணும் நிமுராது."

மாமியார் என்னைப் பார்த்த பார்வை! "நல்ல காரியத்துக்குப் பொறப்படும்போது உங்களுக்கு ஏன் மாப்புள இது?"

நான் சொன்னது சத்தியம். பொறாமையில் சொன்னேன் என்பதும் சத்தியம். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தால் வீட்டில் எதை நம்புவார்கள்? வண்டி போயிற்று. சந்து முனையில் மாமா சகலையை நிறுத்தித் தோளில் கை போட்டு ஏதோ சொல்வது தெரிந்தது. என் தோளில் அப்படிக் கை போட்டதே இல்லை என்று அதற்கும் ஒரு தரம் வயிறு எரிந்தேன்.

புது மெஷின் வந்தது. மாமாவுக்கு அதன் போக்கு பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டது. மத்தியானங்களில் திட்டித் திட்டிக் கற்றதெல்லாம் இப்போது கை கொடுத்தது. ஆனால் பாராட்ட யார் இருக்கிறார்கள்? பக்கத்தில் சகலை இல்லாததால் என் கம்பியை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அவர் இல்லாத குறையை அப்படியும் அனுபவித்தேன்.

மழைக்காலம் முடிந்து கொஞ்ச நாளில் கருவாட்டு வியாபாரி ஒருவர் சேதி கொண்டுவந்தார். கடற்கரைக் கூண்டுகளில் கதவு விழுவதில்லையாம். கம்பியெல்லாம் கோணலாம். கிடங்குக்காரர்கள் கூண்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இப்படியே போனால் பட்டறையை மூடவேண்டியதுதான் என்றார்.

மாமா என்னைத்தான் பார்த்தார். "ஒரு எட்டு போயிட்டு வர்றீங்களா மாப்புள?"

பெருநாள் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. போகிற வழியெல்லாம் என்ன சொல்லவேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். 'நான் அன்னிக்கே சொன்னேனே' என்பதை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று யோசித்துப் பாருங்கள், ஒரு பஸ் பயணம் போதாது.

கொட்டகையில் சகலை தனியாக மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை இல்லை, பனியன், அதிலும் துரு. உள்ளங்கையில் கொப்புளம். சுற்றிலும் கோணல் கம்பிகள் மலையாகக் கிடந்தன. எலும்பு அவர் தட்டுக்குப் போன நாளிலிருந்து நான் பார்க்க ஏங்கிய காட்சி. வயிறார ஒரு தரம் பார்த்துக்கொண்டேன்.

"உப்புக் காத்து அண்ணாத்த. உருளைய அரிச்சிட்ச்சி போல" என்றார்.

உருளையில் ஒரு குற்றமும் இல்லை. திருகுகளின் கழுத்தில் அந்தச் சிவப்பு அரக்கு அப்படியே இருந்தது, ஒரு விரிசல்கூட இல்லாமல். செங்கல்பட்டில் ஒரு சுருளுக்கு மாமா வைத்ததை, இங்கே வந்த ஒவ்வொரு சுருளுக்கும் இவர் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

"இத்த ஒடைக்காம இன்னா பண்ணிகினு இருந்தீங்க இத்தினி நாளு?"

அவர் கோணல் கம்பி ஒன்றை எடுத்து வளைத்தார். பக்கத்து வீட்டு வாசல் திரைக்குப் பின்னால் அவர் மனைவி வஞ்சிரம் மீன் பொரிக்கிற வாசனை.

"ஒடைச்சா திருப்பி வெக்க எனக்குத் தெரியணுமே" என்றார். "மனசுல வெச்சிகினு எத்தினி நாளு கீறது, சொல்லிட்றேன் அண்ணாத்த. அங்க எனக்கு டெய்லி மாமாதான் வெச்சிக் குடுத்திருக்காரு. வண்டி ஏறுற அன்னிக்கி சந்து முனையில சொன்னாரு. அது பரவால்ல. அதுக்கப்பறம் ஒண்ணு சொன்னாரு பாருங்க. 'பெரியவருக்கு நான் ஒரு நாளும் தொட்டதில்ல, வந்த மொத நாள்ளேர்ந்து அவரே வெச்சிகினாரு, அப்டி ஒரு கை'ன்னாரு. அத்தக் கேட்டு வவுறு எரிஞ்சிட்ச்சி எனக்கு. இன்னிக்கும் எரியுது. உங்களக் கூப்புடாம எப்டியாவது நானே நிமுத்திடணும்னுதான் இத்தினி நாளு..."

நான் அந்தக் கோணல் கம்பி மலையைப் பார்த்தபடி நின்றேன். மாமா எனக்கு ஒன்று சொல்லியிருக்கிறார், இவருக்கு நேர் எதிராக ஒன்று சொல்லியிருக்கிறார். இரண்டில் ஒன்று பொய். எது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் பத்து மாதமாக நான் இந்த மனுஷரைப் பார்த்து எரிந்துகொண்டிருக்க, இவர் என்னைப் பார்த்து எரிந்துகொண்டிருந்திருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. கடற்கரையில் அடித்த காற்று அப்போதுதான் என் மேல் பட்டமாதிரி இருந்தது.

எனக்கும் மாமாதான் வைத்துக் கொடுத்தார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒத்திகை பார்த்த வசனங்களையும் சொல்லவில்லை. "கத்தி இருந்தா குடுங்க" என்றேன்.

அரக்கைச் சுரண்டி எடுத்தோம். திருகில் கை வைத்தேன். இவர் கண்ணில் நான், வந்த முதல் நாளிலிருந்தே திருகுகளைத் தானே வைத்துக்கொண்ட ஆள். முதல் கம்பி கோணல். அடுத்ததும் கோணல். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் சந்தேகமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. மூன்றாவதைக் கல்லில் உருட்டியபோது தட்டல் குறைந்தது. கடைசித் திருகை ஒரு மயிரிழை இளக்கினேன். அடுத்த கம்பி சத்தமில்லாமல் ஓடிக் கல்லின் மறு ஓரத்திலிருந்து மணலில் விழுந்தது.

"கையின்னா இது கை" என்றார் சகலை. குரலில் எரிச்சல் நன்றாகவே தெரிந்தது. எனக்கு அது வஞ்சிரத்தைவிட ருசியாக இருந்தது.

ஊர் திரும்பியதும் மாமா, "சரியாப் போச்சா மாப்புள?" என்றார். "ஆச்சி மாமா" என்றேன். கேட்க வாய் வரை வந்தது. அன்று விடியற்காலையில் என் முகம் பொறாமையில் இளித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, அதை அடக்க என்னிடம் பொய் சொன்னாரா? அல்லது எனக்குச் சொன்னது நிஜமாக இருந்து, சின்னவருக்கு ரோஷம் வரட்டும் என்று அவரிடம் பொய் சொன்னாரா? கேட்டால் சொல்லியிருப்பார். பதில் என்னவாக இருக்குமோ என்ற பயத்தில் நான் கேட்கவில்லை.

அந்த வருஷம் பெருநாளுக்குச் சகலை குடும்பத்தோடு வந்திருந்தார். ஒரே பாயில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மாமியார் நல்லி எலும்பைத் தேடி எடுத்து, தூரத்திலிருந்து வந்தவர் என்று சின்ன மாப்பிள்ளை தட்டில் வைத்தார். சகலை அதை எடுத்து என் தட்டில் வைத்தார்.

"இது அண்ணாத்தக்கித்தான் மாமி சேரும். மொத நாள்ளேர்ந்து அவரு கை."

நான் எலும்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாமாவைப் பார்த்தேன். அவர் தலையே நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.